லட்சத்தீவுக்குப் பெட்டி கட்டும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

2024 ஜனவரி முதல் வாரத்தில் பிரதமர் லட்சத்தீவுக்குப் போய்வந்த படங்கள் வெளியாயின. வெள்ளை மணல், பச்சையும் நீலமுமாகத் தெளிந்து கிடக்கும் கடல், மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு நீந்தும் காட்சி. அதைப் பார்த்து மாலத்தீவின் துணை அமைச்சர்கள் சிலர் சமூக ஊடகத்தில் இழிவாக எழுத, இங்கே கோபம் மூண்டது. பலர் மாலத்தீவுப் பயணத்தை ரத்து செய்தார்கள். ‘மாலத்தீவு எதற்கு? நம்மிடமே ஒன்று இருக்கிறதே’ என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. அன்று மூண்ட கோபம் தணிந்துவிட்டது. மூண்ட ஆசை தணியவில்லை. கொச்சியில் கப்பலேறவோ, அகத்திக்கு விமானம் பிடிக்கவோ உங்களில் பலர் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்த மடல் உங்களுக்குத்தான்.

போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஊர் சுற்றுவது நல்லது. கடலைப் பார்ப்பது அதைவிட நல்லது. ஆனால் அந்தத் தீவுகள் எதன் மேல் நிற்கின்றன, அங்கே யார் வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். தெரிந்தால் நீங்கள் விரும்புவது மாறும். நீங்கள் விரும்புவது மாறினால் அங்கே கட்டப்படுவதும் மாறும். என் கவலை முழுவதும் இந்த ஒரு கண்ணியில்தான் இருக்கிறது.

முதலில் அளவைப் பாருங்கள். லட்சத்தீவில் உள்ளவை 36 தீவுகள். அத்தனையையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர்; அதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூடத் தேறாது. இந்தச் சிறு நிலத்தில் 10 தீவுகளில் ஊர்கள் இருக்கின்றன: அகத்தி, அமினி, அந்த்ரோத், பித்ரா, செத்லத், கத்மத், கல்பேனி, கவரத்தி, கில்தான், மினிக்காய். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 64,473 பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேருக்கு மேல். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் நெருக்கம் 555. அதாவது நம்மைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேலான நெருக்கத்தில் மக்கள் வாழும் இடம் அது. உங்கள் கைப்பேசியில் வந்த படத்தில் இருந்ததோ ஆள் நடமாட்டமே இல்லாத கடற்கரை.

அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டவர்கள். இஸ்லாமியர்கள், அதே வேளையில் தாய்வழிச் சொத்துரிமையும் தறவாடு என்னும் தாய்வழிக் கூட்டுக்குடும்ப முறையும் கொண்டவர்கள். வடக்கு, நடுத் தீவுகளில் மலையாளத்தின் ஒரு வடிவமான ஜசரி பேசுகிறார்கள். தெற்கே தனித்திருக்கும் மினிக்காயில் மாலத்தீவு மொழியோடு உறவுடைய மஹல் பேசுகிறார்கள். ஓடங்களில் தேங்காயும் கயிறும் ஏற்றிக்கொண்டு மங்களூருக்கும் மலபார்க் கரைக்கும் போய் அரிசி வாங்கி வந்த தலைமுறைகளின் வாரிசுகள் அவர்கள். கடலைக் கடந்தே சோறு கண்ட சமூகம் அது.

இனி அவர்கள் காலடியில் உள்ள மண்ணைப் பற்றி. கடலடியில் எழுந்த எரிமலைகள் மெல்ல மெல்லத் தாழ, அவற்றின் விளிம்பைப் பற்றிக்கொண்டு பவளங்கள் மேல்நோக்கி வளர்ந்ததால் உருவான வளையங்கள் இவை. இப்படித்தான் வளையத் தீவுகள் பிறக்கின்றன என்று 1842-இல் சார்ல்ஸ் டார்வின் எழுதினார். எரிமலை எப்போதோ அமிழ்ந்துவிட்டது. மிஞ்சியிருப்பது பவளம் கட்டிய பார். நீங்கள் வெறுங்காலில் நடக்க ஆசைப்படும் அந்த வெள்ளை மணல், ஆறு அடித்துவந்த மணல் இல்லை. அங்கே ஆறே கிடையாது. உடைந்த பவளம், சிப்பி ஓடு, பவளத்தைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்கள் அரைத்துக் கழித்த துகள், இவை சேர்ந்து ஒதுங்கியதே தீவு. கடல்மட்டத்துக்கு மேலே பெரும்பாலான இடங்களில் அதன் உயரம் ஓரிரு மீட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் கடல் கொந்தளிக்கும்போது, அலையின் முழு அடியையும் வாங்கிக்கொள்வது வெளிவிளிம்பில் உள்ள பார்தான். அதற்கு உள்ளே, படங்களில் பார்த்து நீங்கள் மயங்கும் அந்த ஆழமில்லாத லகூன் அமைதியாகக் கிடப்பது அதனால்தான்.

பார் உயிரோடு இருக்கும்வரை தேய்ந்த மணலுக்கு ஈடாகப் புது மணல் கிடைத்துக்கொண்டே இருக்கும். பார் செத்தால் என்ன நடக்கும் என்று அறிய அரபிக் கடலுக்குப் போக வேண்டாம், தூத்துக்குடியில் கேளுங்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தோம். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற 2 தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. ஒருகாலத்தில் 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு, ஏறத்தாழ 2 ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்தது. அதைக் காப்பாற்றக் கடலுக்குள் செயற்கைப் பார்களை இறக்க வேண்டியதாயிற்று. ஆளில்லாத தீவுகள் என்பதால் அந்த இழப்பு நமக்கு உறைக்கவில்லை. லட்சத்தீவிலும் பங்காரம் தீவின் அருகே பரளி 1 என்ற ஆளில்லாத தீவு அரிப்பில் முற்றிலும் மறைந்துவிட்டதை 2017-இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

லட்சத்தீவின் பவளத்தை யாரும் வெட்டாமலே அது செத்துக்கொண்டிருக்கிறது. கடல் வெப்பம் வழக்கத்துக்கு மேல் ஓரிரு பாகை உயர்ந்து சில வாரம் நீடித்தால், தனக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிடும். நிறமிழந்து வெளுக்கும், வெப்பம் தணியாவிட்டால் சாகும். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் லட்சத்தீவில் இது பெரிய அளவில் நடந்தது. அகத்தி, கத்மத், கவரத்தி ஆகிய மூன்று தீவுகளின் பார்களை 1998 முதல் 24 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், உயிர்ப்பவளத்தின் பரப்பு சுமார் 37 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டதாகக் கண்டார்கள். வெப்ப அலைகளுக்கு இடையே போதிய ஆண்டுகள் ஓய்வு கிடைத்தால் பவளம் மீண்டும் தழைக்கிறது. அந்த ஓய்வுதான் சுருங்கி வருகிறது. இந்த நிலையில் உள்ள ஒரு பாரின் மேல் இன்னொரு சுமையை ஏற்றலாமா என்பதே இன்றைய கேள்வி.

அடுத்தது தண்ணீர். ஆறில்லை, மலையில்லை. ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியில் ஊடுருவி நிற்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. நன்னீர் இலேசானது, அதனால் மேலே நிற்கிறது. கிணற்று நீர்மட்டம் கடலின் ஏற்றவற்றத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கலாம் என்பது கோட்பாட்டுக் கணக்கு. அதை அப்படியே புரட்டிப் பாருங்கள்: மோட்டார் வைத்து மேலே கொஞ்சம் அதிகமாக உறிஞ்சினாலும், கீழேயிருந்து உப்பு வேகமாக ஏறிவிடும். ஒருமுறை உப்பேறிய கிணறு எளிதில் திரும்பாது. போதாததற்கு, நெருக்கமான ஊரில் கழிவுநீர்த் தொட்டியும் கிணறும் அருகருகே. மணல் எதையும் தடுத்து நிறுத்தாது.

இந்தத் தவிப்பில் கைகொடுத்தது நம் சென்னை. பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம், 2005-இல் கவரத்தியில் ஓர் ஆலையை நிறுவியது. ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரைக் குழாயில் மேலே கொண்டுவருகிறார்கள். மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலனில் ஆவியாக்கி, ஆழ்கடல் குளிரால் அந்த ஆவியைக் குடிநீராக்குகிறார்கள். நம் பொறியாளர்கள் பெருமைப்பட வேண்டிய வேலை. பிறகு மினிக்காயிலும் அகத்தியிலும் இத்தகைய ஆலைகள் வந்தன. கவரத்தி ஆலையின் திறன் நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர். 2011-இல் கவரத்தியின் மக்கள்தொகை 11,000-ஐத் தாண்டியிருந்தது. வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 9 லிட்டர். குடிக்க, சமைக்க. இந்தக் கணக்குக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி தனித்தனி நீச்சல்குளத்தோடு அமைந்த வில்லாக்களின் விளம்பரத்தை வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது சோறு. லட்சத்தீவின் முதன்மைத் தொழில் சூரை மீன்பிடி, அதுவும் கம்பும் தூண்டிலும் கொண்டு ஒவ்வொரு மீனாகப் பிடிப்பது. விடியலில் லகூனுக்குள் சிறு மீன்களை வலையில் பிடித்துப் படகிலேயே உயிரோடு வைத்துக்கொள்வார்கள். வெளிக்கடலில் சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அந்த உயிர் இரையை வீசி, நீரைத் தெளித்துக் கடல்பரப்பைக் குமுறச் செய்து, கூட்டம் வெறிகொண்டு மேலே வரும்போது கம்பை இறக்கித் தூக்குவார்கள். அடிமடி இழுவை கிடையாது. வேண்டாத மீன் சிக்கிச் சாவது மிகக் குறைவு. பிடித்த சூரையை அவித்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்து மாசியாக்குகிறார்கள். உலகில் கடலுக்குத் தீங்கு குறைந்த மீன்பிடி முறைகளில் ஒன்று இது. ஆனால் அந்தச் சிறு இரைமீன்கள் வாழ்வது லகூனின் பவளத் திட்டுகளில். லகூனைக் கிளறினால், கலக்கினால், தூண்களை ஊன்றினால், முதலில் இல்லாமல் போவது அந்த இரைமீன். அடுத்து, வெளிக்கடலின் சூரை.

இப்போது என்ன திட்டமிடப்படுகிறது என்று பாருங்கள். மினிக்காய், கத்மத், சுஹேலி ஆகிய இடங்களில் கரையிலும் லகூனின் மேலும் வில்லாக்கள் கட்டத் திட்டம் வகுக்கப்பட்டது. 2023 ஜனவரியில் சுஹேலியிலும் கத்மத்திலும் 2 விடுதிகள் அறிவிக்கப்பட்டன; ஒவ்வொன்றிலும் 110 அறைகள். அவற்றில் சுஹேலியில் 50, கத்மத்தில் 35 தண்ணீரின் மேலே. சுஹேலி ஆளில்லாத தீவுதான். ஆனால் அங்கே பக்கத்துத் தீவு மீனவர்கள் பருவந்தோறும் தங்கி மீன் பிடித்துக் காயவைக்கிறார்கள்; பச்சைக் கடலாமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரிவது, வாழ்பவர்களின் கணக்கில் வயலாக இருக்கிறது.

வெப்பமண்டலத் தீவை வெற்றிடமாகப் பார்க்கும் இந்தக் கண் இன்று நேற்று வந்ததில்லை. 1768-இல் பிரெஞ்சுக் கடலோடி பூகேன்வில் தாஹித்தித் தீவில் 10 நாள் அளவில் தங்கினார். 1771-இல் அவர் எழுதி வெளியிட்ட பயண நூல், உழைப்பும் கவலையும் இல்லாத இன்பத் தீவு ஒன்றை ஐரோப்பாவின் மனத்தில் நட்டது. நூற்றிருபது ஆண்டுக்குப் பின் 1891-இல் ஓவியர் பால் கோகன் அந்தச் சொர்க்கத்தைத் தேடிப் போனார். அதற்குள் அது பிரெஞ்சுக் காலனியாகிவிட்டிருந்தது. அதே பிரெஞ்சுப் பொலினீசியாவில், மொருரோவா, ஃபங்கத்தாவ்ஃபா என்ற பவளத் தீவுகளில், 1966 முதல் 1996 வரை பிரான்ஸ் 193 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. ஓர் இடத்தை ‘யாருமில்லாத சொர்க்கம்’ என்று நம்பிவிட்டால், அங்கே எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்ற துணிவு வந்துவிடுகிறது. குண்டும் உல்லாச விடுதியும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் முன்னால் நடப்பது ஒன்றே. அங்கே வாழ்பவரைப் படத்திலிருந்து நீக்குவது.

நீங்கள் ஒப்பிட்டுப் பேசும் மாலத்தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் குரும்பா என்ற முதல் விடுதியோடு அங்கே சுற்றுலா தொடங்கியது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி. விருந்தினர் அங்கே, மக்கள் வேறு தீவில். பல பத்தாண்டுகள் இதுவே முறை. மக்கள் வாழும் தீவுகளில் சிறு விடுதிகள் நடத்த வழி பிறந்ததே 2009-ஐ ஒட்டித்தான். வருமானம் பெருகியது உண்மை. வறுமை குறைந்ததும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குப்பையைக் கொட்டுவதற்கென்றே ஒரு லகூனை நிரப்பித் திலஃபுஷி என்ற தீவாக்க வேண்டி வந்தது. 2014 டிசம்பரில் தலைநகர் மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது, நகரத்தில் இருந்த 1 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் குடிநீர் இல்லை. இந்தியா விமானங்களிலும் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்பியது. மாலத்தீவுக்கு ஏறத்தாழ 1,200 தீவுகள் இருக்கின்றன. விடுதிக்குத் தனித் தீவு, குப்பைக்குத் தனித் தீவு என்று ஒதுக்க முடிந்தது. லட்சத்தீவுக்கு இருப்பது 36. அந்த மாதிரியை இங்கே கொண்டுவர இடமே கிடையாது.

லட்சத்தீவு மக்கள் என்ன சொல்கிறார்கள்? 2021-இல் லட்சத்தீவு வளர்ச்சி ஆணைய ஒழுங்குமுறை என்று ஒரு வரைவு வந்தது. எந்த நிலத்தையும் திட்டப் பகுதியாக அறிவிக்கவும், இருப்பவர்களை இடம் மாற்றவும் நிர்வாகத்துக்கு வழி செய்யும் வரைவு. அதே காலத்தில் கரையோரத்தில் மீனவர்கள் படகும் வலையும் வைத்திருந்த கொட்டகைகள் இடிக்கப்பட்டன. தீவு மக்கள் வீட்டு வாசலிலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த ஆண்டு மே 31-இல் கேரளச் சட்டமன்றம் அவர்களுக்கு ஆதரவாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கும் பல ஆண்டுகள் முன்பே, உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ரவீந்திரன் தலைமையிலான குழு, தீவுகளின் தாங்குதிறனை அறிவியல்முறையில் கணித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தே வளர்ச்சிப் பணிகள் நடக்க வேண்டும் என்று வழி சொல்லியிருந்தது. சுற்றுலாவே வேண்டாம் என்று பெரும்பாலான தீவு மக்கள் சொல்லவில்லை. எவ்வளவு, எங்கே, யார் நடத்துவது என்பதில் தங்கள் சொல் செல்ல வேண்டும் என்கிறார்கள். இதில் என்ன தவறு?

நமக்கு அந்த மக்களிடம் ஒரு நன்றிக்கடனும் இருக்கிறது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டிப் போட்டது. கரை திரும்ப முடியாமல் அடித்துச் செல்லப்பட்ட நம் மீனவர்களில் பலர் லட்சத்தீவுக் கரைகளில் ஒதுங்கினார்கள். அதே புயல் அந்தத் தீவுகளையும் தாக்கியிருந்தது. அந்த நிலையிலும் அவர்களுக்குச் சோறும் உடுப்பும் கூரையும் கொடுத்தார்கள் தீவு மக்கள். வந்தாரைப் பேண அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விருந்தினராக நடக்க வேண்டியது நாம்.

அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

தங்குவதானால், ஊர்க்காரர் நடத்தும் சிறு விடுதிகளிலும் வீடுகளிலும் தங்குங்கள். நீங்கள் தரும் பணம் அந்தத் தீவின் கடையிலும் படகிலும் அடுப்படியிலும் சேரட்டும். சூரையும் தேங்காயும் உள்ளூரில் கிடைப்பவை. அவற்றைக் கேட்டுச் சாப்பிடுங்கள். மற்ற பெரும்பாலானவை கப்பலில் வந்து சேர வேண்டியவை.

கப்பலைப் பற்றியும் நினைவில் வையுங்கள். கொச்சியில் அறுவை சிகிச்சைக்குப் போகும் நோயாளியும், கல்லூரிக்குப் போகும் மாணவியும் அதே கப்பலுக்குத்தான் காத்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறை, பெருநாள் நாட்களைத் தவிர்த்துப் பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.

தண்ணீரை வாளியில் பிடித்துக் குளியுங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதைப் புதைக்க அங்கே நிலமில்லை, எரித்தால் புகை போக வேறு திசையில்லை. நீந்தும்போது பவளத்தின் மேல் நிற்காதீர்கள். பல ஆண்டுகள் வளர்ந்தது ஒரு மிதியில் உடையும். உடைந்த பவளத் துண்டைக்கூட நினைவுப்பொருளாக எடுக்காதீர்கள்; பவளம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. ஊருக்குள் நடக்கும்போது அந்த ஊரின் உடை வழக்கத்தை மதியுங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

காணொளி போடும் தம்பி தங்கைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். ‘யாரும் அறியாத தீவு’ என்று தலைப்பு வைக்காதீர்கள். அங்கே 60,000 பேருக்கு மேல் பிறந்து வளர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது பேச வையுங்கள். கம்பெடுத்துச் சூரை பிடிப்பவரிடம் லகூனைப் பற்றிக் கேளுங்கள். கிணற்றடியில் நிற்கும் அம்மாவிடம் தண்ணீர் எப்போது உப்புக் கரித்தது என்று கேளுங்கள். கடற்கரையை மட்டும் காட்டும் ஆயிரம் காணொளிகளைவிட அந்த ஒன்று பயன் தரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, லகூனின் மேல் தூண் நட்டுக் கட்டிய அறையை மறுத்துவிடுங்கள். உங்களுக்குக் கட்டுப்படியானாலும் மறுத்துவிடுங்கள். அத்தகைய திட்டங்களுக்குப் பின்னால் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றே: பயணிகள் அதைத்தான் கேட்கிறார்கள் என்பது. அந்தப் பயணிகள் என்ற சொல்லுக்குள் உங்களை அடக்கித்தான் கணக்குப் போடுகிறார்கள். தீவு மக்கள் மனு எழுதினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், நீதிமன்றப் படியேறினார்கள். அவர்கள் செய்யக்கூடியதை எல்லாம் செய்திருக்கிறார்கள். ‘எங்கள் பெயரைச் சொல்லி அந்த லகூனில் தூண் நடாதீர்கள்’ என்பதை அவர்கள் சொல்ல முடியாது, உங்களால்தான் முடியும். பயணச் சீட்டு எடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கடலை நேசிக்கும் உங்கள் அண்ணன்